தரையில் இட்ட முட்டைக்கு யார் காவல்?

மும்பையை ஒட்டிய தானே கழிமுகத்துக்குப் பூநாரைகள் வரும் மாதங்களில் சிவ்ரி, மாகுல், டிராம்பே பக்கமெல்லாம் கேமராவும் கையுமாக ஆட்கள் நிற்பார்கள். கழிமுகத்தின் ஒரு பகுதி 2015-இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் பூநாரை இங்கே முட்டையிடுவதில்லை. இரை மேய்ந்துவிட்டுக் கிளம்பிவிடும். இந்த வெட்டவெளியிலேயே முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு பொரிக்கிற பறவையைப் படமெடுக்க யாரும் வருவதில்லை. அது ஆள்காட்டி. கண்ணுக்கு முன்னால் சிவந்த சதைத் துண்டும் மஞ்சள் காலுமாக, நாம் நடந்து போனால் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்துமே, அதே பறவைதான். குறுந்தொகையில் கணந்துள் என்ற பெயரில் வருவதும் இதுதான் என்பார்கள். அங்கேயும் வழிப்போக்கரை எச்சரிப்பதே அதன் வேலை.

ஆள்காட்டியோடு மும்பையின் உப்பளங்களில் பவளக்காலியும் தரையில்தான் முட்டையிடுகிறது. நகரைச் சுற்றியுள்ள புதர் மேடுகளில் பக்கி, கௌதாரி, காடை எல்லாம் அப்படியே. மரமும் பொந்தும் தேடாமல் கால்படும் இடத்தில் முட்டை வைக்கும் இந்தப் பறவைகள் எப்படித்தான் வம்சம் வளர்க்கின்றன? எந்த இடத்தில் முட்டை தப்புகிறது, எந்த இடத்தில் பறிபோகிறது? இதற்கு விடை வேண்டுமானால் பறவையைப் பார்த்தால் மட்டும் போதாது, திருடனையும் பார்க்க வேண்டும்.

முதலில் கூடு. கூடு என்றே சொல்ல முடியாது. தரையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு குழி, அதைச் சுற்றிச் சிறு கற்கள், காய்ந்த ஆட்டுப் புழுக்கை, அவ்வளவுதான். அதில் பெரும்பாலும் நான்கு முட்டைகள், கூர்முனை நான்கும் நடுவில் சேரும்படி கிடக்கும். மண்ணும் சாம்பலும் கலந்த நிறத்தில் கருந்திட்டுகள். கூடு இருக்கும் இடத்தைக் கையால் காட்டிச் சொன்னாலும் சட்டென்று கண்ணில் படாது. ரயில் தண்டவாளத்து ஜல்லிக்கற்களுக்கு நடுவிலும், தட்டையான மொட்டை மாடிகளிலும்கூட ஆள்காட்டி முட்டையிட்டதாகப் பதிவுகள் உண்டு. கற்கள் சிதறிக் கிடக்கும் திறந்த இடம்தான் அதற்குத் தேவை.

மார்ச் வாக்கில் தொடங்கி மழைக்காலத்துக்குள் முட்டையிடும் காலம் ஓடுகிறது. அடைகாக்க ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். ஆணும் பெண்ணும் மாறி மாறி உட்காரும். குஞ்சு பொரிந்த ஒரு நாளுக்குள் தானே ஓடித்திரியத் தொடங்கிவிடும். ஆக, முட்டையாகக் கிடக்கும் அந்த நான்கு வாரம்தான் கண்டம்.

அந்த நான்கு வாரத்தை ஒரு கணக்காகப் போட்டுப் பாருங்கள். ஒரு கூடு ஒரு நாளில் பறிபோகும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு என்று வைத்துக்கொள்வோம். 28 நாளும் தாக்குப்பிடிக்கும் கூடுகள் நூற்றில் 57. அந்த இரண்டு ஐந்தானால்? தப்புபவை நூற்றில் 24 மட்டுமே. நாளைக்கு மூன்று சதவீத வித்தியாசம் என்பது காதில் விழும்போது அற்பமாகத் தெரிகிறது, முடிவில் தப்பியிருக்க வேண்டிய குடும்பங்களில் பாதிக்கு மேல் அழித்துவிடுகிறது. கூட்டின் பிழைப்பை இப்படி நாள் கணக்கில் அளக்கும் முறையை 1961-இல் ஹெரால்ட் மேஃபீல்ட் என்ற அமெரிக்கப் பறவை ஆய்வாளர் வகுத்தார். அதற்கு முன்பு, கண்ணில் பட்ட கூடுகளில் எத்தனை பொரிந்தன என்று மட்டும் எண்ணினார்கள். நாம் பார்ப்பதற்கு முன்பே அழிந்துபோன கூடுகள் அந்தக் கணக்கில் வருவதேயில்லை. அதனால் நிலைமை உள்ளதைவிட நன்றாகவே தோன்றிக்கொண்டிருந்தது. அந்தச் சதவீதத்தை ஏற்றுவதும் இறக்குவதும் எது என்பதுதான் இனி நாம் பார்க்க வேண்டியது.

புதருக்கடியில் ஒளித்து வைத்தால் நல்லதுதானே என்று நமக்குத் தோன்றும். ஆள்காட்டி அப்படி நினைப்பதில்லை. புதர் முட்டையை மறைக்கும். கூடவே வருகிறவனையும் மறைக்கும். வெட்டவெளியில் உட்கார்ந்தால் நூறு அடிக்கு அப்பால் நாய் தலையைத் திருப்புவதுகூடத் தெரியும். பறவை சத்தமில்லாமல் எழுந்து, தரையோடு தரையாக ஓடி, வேறிடத்திலிருந்து பறந்து கத்தத் தொடங்கும். அது எங்கிருந்து எழுந்தது என்று திருடனுக்குத் தெரியாது. கூட்டை விட்டு முன்கூட்டியே விலகும் பறவைக்கு முட்டையின் நிறமே காவல்.

பக்கியின் வழி நேர்மாறு. மிதிபடும் தூரத்துக்கு ஆள் வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருக்கும். முட்டைக்கு மேலே அதன் முதுகே சருகுபோல் விரிந்து கிடக்கும். 2016-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று ஜாம்பியாவில் பக்கிகளையும் உப்புக்கொத்தி வகைப் பறவைகளையும் இந்த நோக்கில் ஒப்பிட்டது. எழுந்து ஓடும் பறவைகளின் கூடு பிழைப்பது முட்டையின் நிறம் தரையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைப் பொறுத்திருந்தது. உட்கார்ந்தே இருக்கும் பக்கிக்கோ தாயின் இறகு நிறம்தான் கணக்கு. எனவே ‘நல்ல கூட்டிடம்’ என்று எல்லாப் பறவைக்கும் பொதுவாக ஒன்றைச் சொல்லிவிட முடியாது. பறவை ஆபத்தில் என்ன செய்யும் என்பதோடு சேர்ந்துதான் இடம் நல்லதாகிறது, கெட்டதாகிறது.

திறந்த வெளிக்கு ஒரு விலையும் உண்டு: வெயில். ஏப்ரல், மே மாத நண்பகலில் மும்பையின் கட்டாந்தரை என்ன சூடு சுடும் என்று வெறுங்காலோடு நடந்தவர்களுக்குத் தெரியும். முட்டைக்குள் கரு வெந்துவிடாமல் இருக்கப் பெற்றோர் நிழல் கொடுத்தபடி நிற்க வேண்டும். ஆள்காட்டி அருகிலிருக்கும் நீருக்குப் போய் வயிற்று இறகுகளை நனைத்து வந்து, ஈரத்தோடு முட்டை மேல் அமரும். ஸ்பெயினில் உப்புக்கொத்திகளை ஆராய்ந்தவர்கள் இதே சிக்கலின் மறுபக்கத்தைக் கண்டார்கள். செடி நிழலில் கூடு வைத்தால் சூடு குறைவுதான், ஆனால் அடைகாக்கும் பறவையே இரையாகும் அபாயம் கூடிவிடுகிறது. பதுங்கி வருபவனை அது பார்க்க முடிவதில்லை. முட்டையையா, தன் உயிரையா என்ற தேர்வில் பல பறவைகள் வெயிலை ஏற்றுக்கொள்கின்றன. வேறு வருடத்தில் வேறு முட்டை இடலாம்.

இனி திருடர்கள். பகலில் வருபவர்கள் கண்ணை நம்புகிறவர்கள்: காகம், பருந்து, புதரோரத்தில் செம்போத்து. இரவில் வருபவர்கள் மூக்கை நம்புகிறவர்கள்: நாய், பூனை, அலையாத்திக் காட்டு ஓரத்தில் நரி. பகலிலும் மோப்பம் பிடித்து அலைகிற கீரி, உடும்பு, பாம்பு இவர்களோடு சேர்த்தி. கண்ணுக்குத் தப்பும் முட்டை மூக்குக்குத் தப்பாது, மூக்குக்குத் தப்புவது கண்ணுக்குத் தப்பாது. ஒரே கூடு இரண்டு ஷிப்டுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

காகத்தின் தேடலைப் பற்றி நமக்கு நிறையத் தெரியும். அதற்குக் காரணம் பெரும்பாலும் நிகோ டின்பெர்கன். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற இந்த விலங்கு நடத்தை அறிஞர் இங்கிலாந்தின் ராவென்கிளாஸ் மணல்மேடுகளில் ஒரு சிறு புதிரைக் கையில் எடுத்தார். கருந்தலைக் கடற்காகம் குஞ்சு பொரிந்தவுடன் உடைந்த ஓட்டைக் கவ்விக்கொண்டுபோய்த் தூரத்தில் போட்டுவிடுகிறது. ஏன்? முட்டைகளை மணலில் வைத்து, சிலவற்றின் பக்கத்தில் உடைந்த ஓட்டையும் வைத்துப் பார்த்தார். ஓடு 15 செ.மீ. தள்ளிக் கிடந்த முட்டைகளில் நூற்றுக்கு 42 களவுபோயின. 2 மீட்டர் தள்ளிக் கிடந்தவற்றில் 21 மட்டுமே. உடைந்த ஓட்டின் உட்புற வெள்ளை காகத்துக்குத் துப்புக் கொடுத்துவிடுகிறது. இந்த முடிவுகள் 1962-இல் வந்தன. அடுத்து அவரும் உடன் ஆய்வாளர்களும் 1967-இல் இன்னொன்றைக் காட்டினார்கள்: ஒரு முட்டை கிடைத்துவிட்டால் காகம் அந்த இடத்தைவிட்டு நகராமல் சுற்றுமுற்றும் துழாவும். நெருக்கமாக வைத்த முட்டைகள் வரிசையாகப் போயின. தள்ளித்தள்ளி வைத்தவை தப்பின. ஆள்காட்டி ஜோடிகள் ஒன்றையொன்று விரட்டித் தூரத்தூரமாகக் கூடு வைப்பதன் பயன் இதிலிருந்து விளங்கும்.

நம் ஊர்க் காகத்திடம் இன்னொரு வித்தையும் உண்டு. ஜோடியாக வரும். ஒன்று ஆள்காட்டியின் முன்னால் தத்தித் தத்தி வம்பிழுக்கும். தாய் அதை விரட்டப் பாயும்போது இன்னொன்று பின்பக்கமாக வந்து முட்டையைத் தூக்கும். காகம் கூடு கட்டிக் குஞ்சுக்கு இரை தேடும் காலமும் மழைக்கு முந்திய ஏப்ரல் முதல் ஜூன் வரைதான் என்பது ஆள்காட்டியின் துரதிர்ஷ்டம்.

மோப்பத்துக்கு எதிராகப் பறவைக்கு என்ன தற்காப்பு? வடதுருவத்தை ஒட்டி முட்டையிடும் உள்ளான்கள் அடைகாக்கும் காலத்தில் இறகில் பூசும் மெழுகையே மாற்றிக்கொள்கின்றன. எளிதில் ஆவியாகாத, வாசம் குறைந்த மெழுகுக்கு மாறுகின்றன. பயிற்சி பெற்ற நாயை வைத்துச் சோதித்தபோது, அந்த மெழுகைக் கண்டுபிடிப்பது நாய்க்குக் கடினமாக இருந்தது. நியூசிலாந்தில் செய்ததோ இன்னும் சாமர்த்தியமான வேலை. அங்கே தரைப்பறவைகளை அழித்துக்கொண்டிருப்பவை வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட பூனை, மரநாய் வகைகள், முள்ளெலி. பறவைகள் முட்டையிட வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே பறவை வாசனையைத் தரையெங்கும் தடவி வைத்தார்கள். வாசம் வந்த இடத்துக்கெல்லாம் போன விலங்குகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சலித்துப்போய், அந்த வாசத்தைச் சட்டை செய்வதையே நிறுத்திவிட்டன. உண்மையான பறவைகள் வந்து முட்டையிட்டபோது கூடுகள் கூடுதலாகப் பிழைத்தன. 2021-இல் வெளியான இந்த ஆய்வில் ஒரு விலங்கும் கொல்லப்படவில்லை. திருடனின் பழக்கத்தைப் புரிந்துகொண்டவர்களுக்குப் பொறி தேவைப்படவில்லை.

வெளிப்படையான நாடகமும் ஆள்காட்டி இனத்திடம் உண்டு. நாய் வந்தால் இறக்கை ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு கூட்டுக்கு எதிர்த்திசையில் ஓடும். அல்லது முட்டையே இல்லாத இடத்தில் போய் அடைகாப்பதுபோல் உட்காரும். ஆடு மாடு வந்தால் இந்த உத்தியால் பயனில்லை. மாடு முட்டையைத் தின்ன வரவில்லை, மிதித்துவிடும் என்பதுதான் அச்சம். அப்போது கூட்டின் மேலேயே நின்று இறக்கையை விரித்துச் சீறும். காகத்தை வானத்தில் துரத்தும். வருபவன் யார் என்று பார்த்து அதற்கேற்ற பதில் கொடுக்கும் இந்த அறிவை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

அத்தனை வித்தையும் கைவசம் இருந்தும் டிராம்பேயில் அதன் பாடு ஏன் கஷ்டமாக இருக்கிறது? வித்தைகள் எல்லாம் ஒரு அளவுக்கு உட்பட்ட திருடர்களுக்காக உருவானவை. காட்டில் காகமோ நாயினமோ எவ்வளவு பெருகும் என்பதை அங்கே கிடைக்கும் இரை தீர்மானிக்கும். இங்கே அதைத் தீர்மானிப்பது குப்பை. டிராம்பேக்குப் பக்கத்திலேயே இருக்கிறது தேவ்னார் குப்பைமேடு. 1927-இலிருந்து இயங்கிவரும் இது நாட்டின் மிகப் பழைய குப்பைமேடுகளில் ஒன்று. பருந்தும் காகமும் அதன் மேல் வட்டமிடுவதைச் சாலையில் போகிற எவரும் பார்க்கலாம். மீன் கழிவு, இறைச்சிக் கழிவு, திறந்த தொட்டி, தெருவில் கொட்டும் சோறு எல்லாம் சேர்ந்து காகத்தையும் நாயையும் வருடம் முழுக்கப் போஷிக்கின்றன. முட்டை இவற்றுக்கு வயிற்றுப்பாடே அல்ல, வழியில் கிடைத்தால் வாயில் போடும் தீனி. காட்டில் முட்டை அரிதானால் திருடன் வேறிடம் போவான். இங்கே முட்டை அரிதானாலும் அவன் எண்ணிக்கை குறையாது. கடைசி முட்டைவரை போய்விடுவது இதனால்தான்.

இதற்காகக் குப்பைமேட்டோரத்து மக்களைக் குறை சொல்லக் கூடாது. டிராம்பேயின் சீத்தா கேம்ப்பில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் 1976-இல் ஜனதா காலனியிலிருந்து பெயர்க்கப்பட்டுக் கழிமுக ஓரத்துச் சதுப்பில் கொண்டுவிடப்பட்டவர்கள். தேவ்னாரில் மலையாகக் குவிந்திருப்பது அவர்கள் வீட்டுக் குப்பை மட்டுமல்ல. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அந்தேரியிலும் நாம் வாசலில் வைத்த குப்பைதான் அது.

இரண்டாவது காரணம் விளிம்பு. அமெரிக்காவின் மிச்சிகனில், வயலும் காடும் சேரும் ஓரத்தில் கூடுகளைக் கணக்கெடுத்த கேட்ஸ், கைசல் என்ற இருவர் 1978-இல் ஓர் உண்மையைச் சொன்னார்கள்: ஓரத்தில் கூடுகள் அதிகம், ஓரத்தில்தான் களவும் அதிகம். பறவைக்கு நல்ல இடமாகத் தோன்றுவது பொறியாகிவிடுகிறது. டிராம்பேயில் எல்லாமே ஓரம்தான். உப்பளத்தைச் சாலை வெட்டுகிறது, சதுப்பைச் சுவர் வெட்டுகிறது, வெட்டவெளியின் நடுவே உயர் அழுத்த மின்கோபுரம் நிற்கிறது. கோபுரமும் சுவரும் காகத்துக்கும் பருந்துக்கும் உட்கார்ந்து பார்க்கும் மேடை. கட்டட இடிபாடுகளைக் கொட்டிப் போட்ட பாதை நாய்க்கும் கீரிக்கும் நடைபாதை. தண்ணீர் சூழ்ந்த வரப்பில் பவளக்காலி வைத்த கூடு தண்ணீர் நிற்கும்வரை பத்திரமாக இருக்கும். வற்றினால் நாய் நடந்தே போய்விடும். பூநாரை முட்டையிடும் கட்ச்சின் பெரிய ரண்ணிலும் இதே விதிதான். சுற்றியுள்ள உப்புநீரே அதற்கு அகழி.

இந்த இடத்தில் மரநடுகையைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். காலி மனையைக் கண்டால் நல்ல மனம் படைத்தவர்கள் மரக்கன்றோடு வந்துவிடுகிறார்கள். வெட்டவெளி என்றால் வீணான நிலம் என்ற எண்ணம் நமக்குள் ஊறிவிட்டது. ஆள்காட்டிக்கு அதுதான் வீடு. நடுவில் ஒரு வரிசை மரம் வளர்ந்தால் காகத்துக்கு மேடையும் செம்போத்துக்கு மறைவும் கிடைக்கிறது. பறவை அந்த இடத்தைக் கைவிடும், அல்லது விடாமல் தோற்கும். மரம் வேண்டிய இடத்தில் மரம் நடுங்கள். உப்பளத்தையும் புல்வெளியையும் அப்படியே விடுங்கள்.

காகத்தைச் சுட்டால் தீராதா, நாயைப் பிடித்தால் தீராதா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு திருடனை அகற்றினால் அவன் அடக்கி வைத்திருந்த இன்னொருவன் தலையெடுப்பான். குப்பை அப்படியே இருந்தால் காலியான இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். கூட்டைச் சுற்றிக் கம்பிக்கூண்டு வைப்பதையும் அமெரிக்கக் கடற்கரைகளில் பல ஆண்டுகளாகச் செய்து பார்த்தார்கள். முட்டைகள் கூடுதலாகப் பொரிந்தன. ஆனால் சில இடங்களில் கூண்டு இருக்கும் இடத்தைக் கற்றுக்கொண்ட பருந்தும் நரியும் தாய்ப்பறவையையே பிடித்தன. முட்டை போனால் ஆள்காட்டி மறுபடியும் இடும். தாய் போனால் என்ன செய்வது?

ஆகவே திருடனுக்கு வரும் தீனியை நிறுத்துவதே முதல் வேலை. குப்பையைப் பிரித்து, மூடிப் போடுங்கள். தெருநாய்க்குச் சோறு வைப்பவர்கள் அதை உப்பள ஓரத்திலும் கழிமுகக் கரையிலும் வைக்காமல் குடியிருப்புக்குள் வையுங்கள். நாய்களின் கருத்தடைக்கு வண்டி வரும்போது ஒத்துழையுங்கள். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை திறந்த வெளியில் நாயை அவிழ்த்து விடாதீர்கள். ஆள்காட்டி தலைக்கு மேலே கத்தினால் முட்டை எங்கே என்று தேட வேண்டாம், வந்த வழியே திரும்பிவிடுங்கள். நீங்கள் நிற்கும்வரை அது முட்டைக்குத் திரும்பாது. அத்தனை நேரமும் முட்டை வெயிலில் வேகும், சுவர்மேல் உட்கார்ந்திருக்கும் காகத்துக்கு வழியும் திறந்திருக்கும். அந்த நான்கு முட்டையையும் படமெடுத்து இடத்தின் பெயரோடு பகிராமல் இருந்தால் அதுவே பெரிய உதவி.